பெட்டிக்கு மாலை போட்ட வாரம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் இறங்கினேன். என் பைகளில் ஒன்று கொழும்பிலேயே இறங்கிக்கொண்டது.
2. திங்கட்கிழமை இருபத்து நான்கு முட்டைகளை இருட்டில் வைத்தேன்.
3. செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் நான்கு கறுப்பு வேட்டி வாங்கினேன்.
4. புதன்கிழமை, உலகத்தில் எதையும் பார்த்திராத குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வரத் தொடங்கின.
5. அதே புதன்கிழமை அவை சூடம் பார்த்தன.
6. ஐந்தாவதாக நடந்தது எனக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது.

நான் மலேசியாவின் ஈப்போக்காரி. விலங்குகளின் பார்வையை ஆராயும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளர். அதற்கு முன் மருத்துவமனைகளுக்கு ரப்பர் கையுறை செய்யும் ஓர் ஆலையில் இருந்தேன். கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று ஓர் இயந்திரம் பார்க்கும். அந்த இயந்திரம் ஒழுங்காகப் பார்க்கிறதா என்று நான் பார்ப்பேன்.

எங்கள் பேராசிரியையின் கேள்வி எளிமையானது. தாயைக் கூடப் பார்த்திராத, இருட்டிலேயே பொரித்த குஞ்சு, உயிருள்ள ஒன்று நடப்பதையும் வெறும் பொருள் நகர்வதையும் பிரித்து அறியுமா? பண்ணைக் கோழிக் குஞ்சுகள் அறியும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. பருந்து, கீரி, நாய் எல்லாவற்றுக்கும் தப்பி வாழும் தென் தமிழ்நாட்டுச் சிறுவிடைக் கோழியின் குஞ்சு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பறவைக் காய்ச்சல் பயத்தால் முட்டையை எங்கள் நாட்டுக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. ஆளை அனுப்பத் தடை இல்லை. எனக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று எந்த விமான நிலையத்திலும் யாரும் கேட்கவில்லை.

சோதனையும் எளிமையானது. நீளமான மரப்பெட்டி. இரு முனைகளிலும் ஒவ்வொரு திரை. ஒரு திரையில் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகள் ஒரு கோழி நடப்பதைப்போல அசையும். கோழியின் உருவம் இருக்காது, மூட்டுகள் இருக்கும் இடங்களில் புள்ளிகள் மட்டும். மற்றத் திரையில் அதே பன்னிரண்டு புள்ளிகள் கலைந்து, இஷ்டத்துக்கு அசையும். குஞ்சை நடுவில் விட்டு ஆறு நிமிடம் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் போகிறது? அவ்வளவுதான். ஒரே நிபந்தனை, அதற்கு முன் அந்தக் குஞ்சு அசையும் எதையும் கண்ணால் பார்த்திருக்கக் கூடாது.

பதினாறு குஞ்சுகள் வேண்டும். அதற்குக் குறைந்தால் முடிவைக் கணக்கில் எடுப்பதில்லை என்று நிதி தருபவர்களிடம் பேராசிரியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார். பதினாறு கிடைத்தால் ஆய்வு தொடரும், என் வேலையும் தொடரும். கிடைக்காவிட்டால் கையுறை.

ராஜபாளையத்தில் முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் என்னிடம் நாய் வாங்க வந்தீர்களா என்று கேட்டார்கள். விடுதி மேலாளர், டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர். ஓட்டுநரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"கோழி பாக்கவா பிளேன் ஏறி வந்தீக? உங்க ஊர்ல கோழி கெடையாதா?"

"இருக்கு. இந்தக் கோழி இல்ல."

"எல்லாக் கோழியும் கோழிதானம்மா," என்றார். பேராசிரியையின் ஆய்வுத் திட்டம் நாற்பது பக்கம். அதற்கு இத்தனை சுருக்கமான மறுப்பை நான் அதுவரை கேட்டதில்லை.

கார்த்திகை மாதம். ஊரில் பாதி ஆண்கள் ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில் இருந்தார்கள். புரோட்டாக் கடையில் நானும் மாஸ்டரும்தான். புரோட்டாவை அடித்து நொறுக்கிச் சால்னாவில் மிதக்கவிட்டார். ஈப்போவில் எங்கள் புரோட்டாவான ரொட்டி சானாயை இப்படி அடித்தால் போலீஸ் வரும். "இன்னும் ரெண்டு மாசம் இப்படித்தான் ஈ ஓட்டணும்," என்றார் மாஸ்டர். கறிக்கோழி விற்காத காலம் என்பதால்தான் எனக்கு ஒரு பொரிப்பகத்தில் இடமே கிடைத்தது.

அந்தப் பொரிப்பகம் செட்டியார்பட்டியில். திங்கட்கிழமை காலை மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். நடத்துநர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "ஆர்மோனியமா?" இல்லை என்றேன். "அப்ப லக்கேஜ்." ஆர்மோனியமாக இருந்திருந்தால் என்ன சலுகை என்று கேட்பதற்குள் பின்னால் போய்விட்டார்.

உரிமையாளர் ராஜா சார், ஐம்பது வயதுக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுபவர். மூன்று வாரத்துக்கு முன்பே எனக்காக முட்டைகளை அடையில் வைத்திருந்தார். அங்கே எல்லா வேலையும் பார்ப்பவர் செல்வியக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும், கை வேலை செய்யும்போதும் வாய் ஓயாது. ராஜா சாரின் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அவரிடம் தெலுங்கில் பேசினார். ஈப்போவில் எங்கள் பக்கத்து வீட்டார் தெலுங்கர்கள் என்பதால் எனக்குப் பாதி புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது.

"இந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா, கேளுங்கள்."

"குஞ்சு எந்தப் பக்கம் போகும் என்று பார்க்க நாடு விட்டு நாடு வந்தவளிடம் அதையெல்லாம் கேட்காதே."

காபி நன்றாக இருந்தது. கொட்டையை வெண்ணெயில் வறுக்கும் எங்கள் ஊர்க் கோப்பியின் வாசம் இல்லை. பாலின் வாசம் இருந்தது.

பொரிக்கும் பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே அட்டையால் இருபத்து நான்கு கட்டங்கள் பிரித்து, எண் போட்டு, கட்டத்துக்கு ஒரு முட்டை வைத்தேன். அறைக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினேன். ட்யூப்லைட் போடக் கூடாது. டார்ச் கூடாது. செல்போன் கூடாது. கதவைத் திறந்து வைக்கக் கூடாது. செல்வியக்கா எழுத்துக் கூட்டாமல் வேகமாகப் படித்தார்.

"எம்புட்டு கூடாது! பேறுகாலத்துக்குப் போன பொம்பளைக்குக்கூட இம்புட்டுக் கட்டுப்பாடு கெடையாது மேடம்."

கண்ணாடியை மூட நான் கொண்டுவந்த கனத்த கறுப்புத் துணி, கொழும்பில் தங்கிவிட்ட பையில் இருந்தது. அன்றைக்கு ஒரு சிமெண்டுச் சாக்கைக் கட்டிவைத்தோம். ராஜபாளையம் துணி ஊர்தானே என்று மாலையில் மூன்று கடை ஏறினேன். வெள்ளை வெள்ளையாகக் காட்டினார்கள். காயத்துக்குக் கட்டும் துணியை மைல் கணக்கில் நெய்யும் ஊர். நான் கேட்ட கறுப்பு மெல்லியதாக, அந்தப் பக்கம் விரல் தெரிவதாகத்தான் இருந்தது. கையுறைக்காரியான எனக்கு ஒரு பங்காளி ஊருக்கு வந்ததுபோல இருந்தது. பங்காளியைப் போலவே அதுவும் உதவவில்லை.

வழி சொன்னது செல்வியக்காதான். "வில்லிபுத்தூர்ல மாலை போடுறவுகளுக்கு விக்கிற வேட்டி இருக்கு பாருங்க, அதுல ரெண்டை மடிச்சுப் போட்டா சூரியனே தெரியாது."

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரப் பயணம் என்றார்கள். சபரிமலை வேன்கள் எதிரே வரிசையாக வந்துகொண்டிருந்ததால் ஒன்றேகால் மணி நேரம். கோபுரம் பேருந்திலிருந்தே தெரிந்தது. நான் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பேருந்து அசையாததால்.

கோயில் தெருவில் ஒரு கடைக்காரர் வேட்டிகளை அடுக்கியபடி கேட்டார்: "யாருக்கும்மா மாலை? அண்ணனுக்கா?"

"இல்லங்க. ஒரு பெட்டிக்கு."

"என்ன பெட்டி?"

"கோழிக்குஞ்சுப் பெட்டி."

அவர் முகம் மாறவில்லை. "நல்லதாப் போச்சு. கோழியே மாலை போட்டுட்டா அதை யாரும் திங்க மாட்டாக." நான்கு வேட்டியைக் கட்டிக் கொடுத்து, மேலே ஒரு துளசிமணி மாலையையும் வைத்தார். "இது நம்ம கணக்கு. பெட்டிக்குப் போடுங்க."

பக்கத்துக் கடையில் பால்கோவா சூடாக இருந்தது. நூறு கிராம் கேட்டேன். வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். நின்றபடியே முடித்தேன். ஈப்போவில் பால் இனிப்பு என்றால் டின்னில் இருந்து வரும். இது நேரே மாட்டிடமிருந்து, இடையில் ஒரு வாணலியை மட்டும் சந்தித்துவிட்டு வந்ததுபோல இருந்தது. இன்னொரு நூறு கிராம் வாங்கினேன். அதையும் நின்றபடியே.

அன்று மாலை செல்வியக்காவும் நானுமாக வேட்டிகளை இரட்டையாக மடித்துக் கண்ணாடியின் மேல் தொங்கவிட்டோம். உண்மையிலேயே சூரியன் தெரியவில்லை. கடைக்காரர் பெட்டிக்குத் தந்தது என்று சொல்லி, துளசிமணி மாலையைப் பையோடு மேசையில் வைத்தேன். கதவில் இருந்த பட்டியலை நான் திருத்தவில்லை. திங்கட்கிழமை எழுதியது அது. வேட்டி வந்தது செவ்வாய்க்கிழமை. வேட்டியைத் தூக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை காலை என் பேருந்து வழியில் டயர் வெடித்து நின்றது. இறங்கிய ஆண்கள் எல்லோரும் டயரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பார்ப்பதால் டயர் சரியாகும் என்ற நம்பிக்கை எங்கள் நாட்டிலும் உண்டு. பொரிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. இருட்டு அறைக்குள் போய்ப் பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே கீச்சுக் குரல்கள். எத்தனை என்று பிரிக்க முடியவில்லை. கைப்பிடியில் ஏதோ தட்டுப்பட்டது. துளசிமணி மாலை. செல்வியக்கா அழகுக்கு மாட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். சாம்பிராணி வாசம் வந்தது. அந்த இடத்தில் தினமும் வரும் வாசம்தான்.

வியாழக்கிழமை சோதனை. செல்வியக்கா இருட்டில் கட்டத்தின் எண்ணைத் தடவிப் பார்த்து ஒரு குஞ்சை எடுத்து, உள்ளங்கையில் மூடி, பக்கத்து அறைக்குக் கொண்டுவந்து மரப்பெட்டியின் நடுவில் விடுவார். முதல் குஞ்சு சிறிது நேரம் தள்ளாடி நின்றது. இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது. பிறகு புள்ளிக் கோழி நடந்துகொண்டிருந்த திரையை நோக்கிக் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடியது. திரையில் அலகு வைத்து நின்றது.

"ஆத்தீ," என்றார் செல்வியக்கா. "அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் நேரத்தைக் குறித்தேன்.

பத்துக் குஞ்சுகள் முடிந்தன. பதினோராவதாக வந்தது ஒன்பதாம் கட்டத்துக் குஞ்சு. நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. நான்கு நிமிடம் ஆயிற்று, அசையவில்லை. செல்வியக்கா குனிந்து பார்த்து உச்சுக் கொட்டினார்.

"நேத்து சூடம் காட்டும்போது இதுதான் மொதல்ல தலையத் தூக்கிப் பாத்துச்சு. இப்ப என்ன, தூங்குமூஞ்சியாயிட்டு?"

நான் கடிகாரத்தை நிறுத்தினேன்.

"யாருக்குச் சூடம் காட்டினீங்க?"

"பெட்டிக்குத்தான். மாலை போட்டாச்சுல்லா. மாலை போட்ட பொறவு காலையில சூடம் காட்டாம எப்படி மேடம்?"

"வேட்டி மூடியிருந்துச்சே."

"சாமிய மறைச்சு வச்சிட்டா சூடம் காட்டுவாக? செத்த நேரம் தூக்கிட்டு, மூணு சுத்துச் சுத்திட்டு, திருப்பியும் மூடிட்டேன். லைட்டைத் தொடவே இல்ல. டார்ச்சும் இல்ல, செல்லும் இல்ல. நீங்க எழுதுன அம்புட்டையும் பாத்துட்டுத்தான் பத்த வச்சேன்."

பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நான் எழுதிய பட்டியல், எதையெல்லாம் செய்யலாம் என்பதற்கான பட்டியலாகவும் இருந்திருக்கிறது.

"குஞ்சுங்க பாத்துச்சா?"

"பாக்காமயா? எல்லாம் ஒண்ணுபோலத் தலையத் தூக்கி, தட்டு போற பக்கமெல்லாம் போச்சு. எனக்கு மேலெல்லாம் சிலுத்துட்டு மேடம்."

இதைப் பார்க்கத்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன். அந்த நேரத்தில் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு ராஜா சார் வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் குரல் உயர்ந்தது. "ஏட்டி, ஒன்னய யாரு அதுக்குச் சூடம் காட்டச் சொன்னா?"

"வெள்ளிக்கெழமதோறும் ஜெனரேட்டருக்கு நீங்க காட்டுறீகளே மொதலாளி, ஒங்கள யாரு சொன்னா?"

அவர் என்னைப் பார்த்தார்.

பேராசிரியையை அழைத்தேன். அவர் சத்தம் போடுபவர் அல்ல, கேள்வி கேட்பவர். ஆங்கிலத்தில் நடந்த பேச்சு ஏறக்குறைய இது.

"அந்த நெருப்பு எப்படி அசைந்தது?"

"வட்டமாக. மூன்று சுற்று."

"எத்தனை ஒளிப்புள்ளி?"

"ஒன்று."

"அசைத்தது?"

"ஒரு பெண்ணின் கை."

இருட்டில் ஓர் ஒளிப்புள்ளி, அதை அசைத்தது உயிருள்ள ஒரு கை. எங்கள் ஆய்வுக்கூடம் இரண்டு வருடம் மெனக்கெட்டுத் திரையில் செய்ததைச் செல்வியக்கா ஒரு வில்லைச் சூடத்தில் செய்துவிட்டார். பார்த்த குஞ்சுகளைச் சேர்க்கவே முடியாது என்றார் பேராசிரியை. ஓட்டுக்குள் இருந்தவற்றுக்கு வெளிச்சம் தட்டியிருந்தாலும் அசைவு தெரிந்திருக்காது, அவற்றைச் சேர்க்கலாம். "எவை ஓட்டுக்கு வெளியே இருந்தன என்று யாருக்காவது தெரியுமா?"

தெரிந்தவர் ஒருவர்தான். பெட்டி திறந்தால் எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணுவது அவருடைய தொழில்.

"எட்டு," என்றார் செல்வியக்கா யோசிக்காமல். "முன்வரிசையில அஞ்சு, கடைசி வரிசையில மூணு. ஒண்ணு மூக்கை மட்டும் நீட்டிக்கிட்டு ஓட்டுக்குள்ள கெடந்துச்சு, அது சேத்தி இல்ல." கட்டங்களின் எண்களையும் சொன்னார்.

பொரித்தவை மொத்தம் இருபத்திரண்டு. எட்டுப் போனால் பதினான்கு. கணக்கை நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பதினாறு எதற்கு என்பதையும், கையுறை ஆலையையும் சேர்த்து. அவர் முகம் வாடிப்போனது. கொஞ்ச நேரம் சூடத் தட்டைத் துடைத்தார். பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஆறுன்னு எழுதிக்கோங்க மேடம். நாந்தான பாத்தேன். என்னைய விட்டா யாருக்குத் தெரியும்?"

அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். அவருக்கு இதில் லாபமும் இல்லை, எனக்காகத்தான் சொன்னார். ஈப்போவில் இப்படி ஒரு சலுகையை எனக்கு யாரும் தந்ததில்லை.

"அக்கா, இப்ப நீங்க ஆறுன்னு சொன்னா, முன்னாடி சொன்ன எட்டையும் நான் நம்ப முடியாது. அப்புறம் எல்லாத்தையும் தூக்கிப் போடணும்."

அவர் இதைத் தராசில் வைப்பதுபோல யோசித்தார். "அப்ப எட்டுதான்," என்றார். "எட்டுன்னா எட்டு."

பார்த்தவர் பெயரை அறிக்கையில் எழுத வேண்டும் என்றேன். "கேஸு கீஸு வராதுல்ல?" வராது என்றேன். "அப்ப முழுப்பேரும் போடுங்க," என்று சொல்லி, அப்பா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

இன்னும் பொரிக்காத முட்டைகள் இரண்டு மிச்சம் இருந்தன. இரண்டும் பொரித்தால் பதினாறு. எனக்குச் சனிக்கிழமை பதினோரு மணிக்கு மதுரைக்குப் பேருந்து. ராஜா சார் கையில் எடுத்துக் கனம் பார்த்துவிட்டு, "கூமுட்டைம்மா, ரெண்டும்," என்றார். செல்வியக்கா அவர் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்தார். "ஒண்ணு பேசுது," என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் பேசிய முட்டையில் ஒரு விரிசல். மாலைக்குள் குஞ்சு வந்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை என்பதால் ராஜா சார் ஜெனரேட்டருக்குச் சூடம் காட்டினார். காட்டி முடிக்கும்வரை செல்வியக்கா என் அறைக் கதவில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இங்கிட்டு ஒருத்தரும் வரப்பிடாது மொதலாளி," என்று அங்கிருந்தே சொன்னார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு அந்தக் குஞ்சை விட்டோம். நாலு நிமிடம் நடுவிலேயே நின்றது. செல்வியக்கா மூச்சு விடவில்லை. பிறகு தடுமாறித் தடுமாறிப் புள்ளிக் கோழியிடம் போய்ச் சேர்ந்தது. பதினைந்து.

கடைசி முட்டையை ராஜா சார் விளக்கின் முன் பிடித்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை. அதை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். "ஒண்ணுதான மேடம்," என்றார் செல்வியக்கா பேருந்து நிறுத்தத்தில். இந்த முறை அவர் குரலைத் தாழ்த்தவில்லை, எதையும் மாற்றி எழுதச் சொல்லவும் இல்லை.

சூடம் பார்த்த எட்டையும் நான் ஓடவிட்டுப் பார்த்தேன். அவற்றில் ஏழு, புள்ளிக் கோழியிடம் போயின, ஒன்று தூங்கியது. அது எந்தக் கணக்கிலும் சேராது. பதினைந்து குஞ்சுகளின் விவரமும், எட்டு ஏன் சேர்க்கப்படவில்லை என்ற ஒரு பத்தியும், அதன் கீழே செல்வியக்காவின் முழுப்பெயரும் இப்போது நிதி தருபவர்களிடம் இருக்கின்றன. பதினைந்தை ஏற்பார்களா என்று பேராசிரியை கேட்டிருக்கிறார், பதில் வரவில்லை. என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. கையுறை ஆலைக்கு நேற்றுத் தொலைபேசி செய்தேன். இடம் இருக்கிறதாம்.